நான் கட்டிய வேப்பிலை

என்னோடு படித்த நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் யாராவது படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஒரு வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று பொருள். அந்த நடையை வெளியாள் மிதிக்க மாட்டார். தபால்காரர் கடிதத்தைத் தெருவில் நின்றே நீட்டுவார். பால்காரர் செம்பில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். வந்தவரை வாருங்கள் என்று அழைப்பதில்லை. போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், திருநெல்வேலி டவுனில் எங்கள் பெரியப்பா வீட்டு நிலையில் நான் அப்படி ஒரு கொத்தைக் கட்டினேன். எனக்குப் பன்னிரண்டு வயது. உள்ளே யாருக்கும் அம்மை இல்லை.

யாருக்காகக் கட்டினேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா லாரி மோதி இறந்தபோது தங்கை கைக்குழந்தை. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு களக்காட்டில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போனாள். மாமாவுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தை ஒல்லியாக இருப்பாள். மாவாட்டும்போது எனக்கு விடுகதை போடுவாள். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெரு முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அத்தை அடுப்படியில் எரிந்து போயிருந்தாள். நகை கேட்டுக் கொடுமைப்படுத்தியதாக வழக்கு. மாமாவும் அம்மாவும் சிறைக்குப் போனார்கள். அம்மாவுக்கு மூன்று வருடம்.

அம்மா அவளைக் கொளுத்தவில்லை. ஆனால் பேசுவாள். சாப்பிடும் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துப் பேசுவாள். நான் கேட்டிருக்கிறேன். இதை அம்மாவே பின்னாளில் என்னிடம் சொன்னாள். "நான் தீப்பெட்டிய எடுக்கலய்யா. ஆனா ஒரு நா அவள நிம்மதியா திங்க விடல. அதுக்குத்தான் உள்ள இருந்தேன்னு வச்சுக்கிடுதேன்."

எங்களைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அவர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிள்ளை இல்லாதவர். கறை இல்லாத வேட்டியும் கறை இல்லாத பேச்சும் உடையவர் என்று எங்கள் தெருவில் பெயர். பெரியம்மா தங்கையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை. எனக்குத் தனி மேசை, ஒரு பாடத்துக்கு ஒரு நோட்டு, அட்டை போட்டுத் தருவதற்குப் பெரியப்பா. அந்தப் பழுப்புத்தாள் அட்டையின் மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது. நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

வேலூர்ச் சிறையிலிருந்து வந்தபின் அம்மா மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் அம்மாள் வீட்டின் பின்கட்டில் அறை எடுத்தாள். அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். வந்த மூன்றாம் நாளே பெரியப்பா வீட்டுக்கு வந்து எங்களைக் கேட்டாள். பெரியப்பா கத்தவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இங்க பாரு. ஒரு மருமக எரிஞ்ச வீட்டுல இருந்து வந்தவ நீ. பொம்பளப் பிள்ளைய எப்பிடி உங்கூட அனுப்புவேன்? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வர வேண்டாமா?"

"நான் பெத்த பிள்ளைங்க அத்தான்."

"இல்லன்னா சொல்லுதேன்? நல்லா இருக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

தங்கைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. பெரியம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "யாரும்மா அது?" என்று கேட்டாள். பெரியம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டுக் கேட்டாள். அம்மாவின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீடி இலையின் பழுப்பு நகக்கண்ணில் ஏறியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவள் என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள், கையில் ஒரு அல்வாப் பொட்டலத்தோடு. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே வரும் நேரம். எவனோ ஒருவன் கேட்டான்: "லே, உங்கம்மா ஜெயில்ல இருந்து களி கொண்டாந்திருக்காளாடே? எனக்கும் ஒரு உருண்டை குடுலே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பின்வாசல் வழியாக வகுப்புக்குப் போய்விட்டேன். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்திருக்கலாம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் எந்தப் பக்கம் என்பதை அன்றைக்கு நானேதான் முடிவு செய்தேன்.

அம்மா இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலைப் பிடித்துப் பாளையங்கோட்டை கோர்ட்டில் மனுப் போட்டாள். நீதிபதி இரண்டு வாய்தா கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். கோடை விடுமுறையில் பத்து நாள் பிள்ளைகள் அம்மாவிடம் இருக்கட்டும். குறிப்பிட்ட தேதியில் அவள் வந்து கூட்டிப்போகட்டும். பத்து நாள் கழித்து எல்லோரும் வாருங்கள், பிள்ளைகளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

கோர்ட் உத்தரவை மீறப் பெரியப்பாவுக்குத் தைரியம் கிடையாது. அரசாங்க முத்திரையைக் கண்டாலே எழுந்து நிற்கிற மனிதர். ஆனால் எந்த உத்தரவையும்விடப் பெரிய உத்தரவு ஒன்று உண்டென்பதும் அவருக்குத் தெரியும்.

முந்தின நாள் மாலை, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஏலே, காலையில வேப்பங்கொப்பு ரெண்டு ஒடிச்சாந்து நிலையில கட்டிரு."

பெரியம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "யாருக்கு என்ன இப்பம்?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"பொறவு எதுக்கு? பொய்யாக் கட்டப்படாதுங்க. தாய் பொறுக்க மாட்டா."

"நான் என்ன பொய் சொன்னேன்? வேப்பல வீட்டுக்கு நல்லதுதான."

பெரியம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். அவளுக்கும் தங்கையை அனுப்ப மனமில்லை. ஆனால் அம்மனுக்குப் பயந்தாள். அதனால் ஒன்று செய்தாள். மறுநாள் காலை தங்கையை உள்ளறையில் வேப்பிலை பரப்பிய பாயில் படுக்கவைத்தாள். வீட்டில் தாளிப்பை நிறுத்தினாள். ராகிக்கூழும் இளநீரும் கொடுத்தாள். மூன்றாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துத் தலைக்கு ஊற்றினாள். அம்மை இல்லாத குழந்தைக்கு அம்மை பார்த்தாள். வாசலில் இருப்பது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக உள்ளே அத்தனையையும் மெய்யாக நடத்தினாள். தங்கைக்கு ஆறு வயது. தனக்கு அம்மை போட்டிருக்கிறது என்றே நம்பினாள். அரிக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

பெரியப்பா அலுவலகம் போன பிறகு, ஒன்பதரை மணி இருக்கும், அம்மா வந்தாள். சந்தன நிறச் சேலை. கையில் புதிய துணிப்பை. பின்னால் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா காத்திருந்தது. சிரித்துக்கொண்டே வந்தவள் நிலையைப் பார்த்ததும் தெருவின் நடுவிலேயே நின்றுவிட்டாள். அடுத்த கணம் செருப்பைக் கழற்றினாள். மே மாதத்துத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று கேட்டாள்:

"யாருக்குய்யா?"

"தங்கச்சிக்கு."

"எப்பம் போட்டுது?"

"நேத்து."

"காச்சல் இருக்கா? முத்து பெருசா இருக்கா, சிறுசா?"

"சிறுசு."

வீட்டுக்குள் வருகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை. ரிக்‌ஷாவை அனுப்பிவிட்டாள். "எங்கெல்லாமோ கெடந்துட்டு வந்தவ நான். என் காத்து பிள்ள மேல படப்படாது" என்றாள். எதிர்ச்சாரியில், பூட்டிக் கிடந்த ஒரு சலவைக்கடையின் தகரக் கூரை நிழலுக்குப் போய் நின்றுகொண்டாள். நண்பகல்வரை நின்றாள். பிறகு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், அந்த வழக்கத்தின்படியே, போய்விட்டாள்.

பத்து நாளும் வந்தாள். தினமும் ஏதாவது கொண்டுவந்து கடைசிப் படிக்குக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துபோய் நிற்பாள். பனையோலைப் பட்டையில் நுங்கு. வெள்ளரிப்பிஞ்சு. மூடி சீவிய இளநீர். ஒரு நாள் சின்னத் தூக்குச்சட்டியில் மோர். நான் எடுத்து உள்ளே கொண்டுபோவேன். தங்கைக்குப் பாதி போகும். மீதியை அறைக்குப் பின்னால் நின்று நான் தின்றேன். அந்த நுங்கின் குளிர்ச்சியை இப்போது எழுதும்போதும் என்னால் வெறுக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

தூரத்தில் நின்றே கேட்பாள். "இன்னைக்கு எப்பிடி இருக்கா?"

நான் சொல்வேன். முதல் இரண்டு நாள் பயந்து பயந்து சொன்னேன். பிறகு பழகிவிட்டது. கழுத்தில் இரண்டு, முதுகில் ஒரு கை அளவு, உள்ளங்காலில் ஒன்று என்று சொல்லத் தொடங்கினேன். எனக்குக் கட்டுரையில் எப்போதும் நல்ல மதிப்பெண் வரும். ஒரு முறை உள்ளேயிருந்து தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா முகம் மலர்ந்து, "சிரிக்கா பாத்தியா! காச்ச எறங்கிட்டுய்யா" என்றாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ சொன்னேன்: "கண்ணிமையில ஒண்ணு போட்டிருக்கு."

ஏன் சொன்னேன்? யாரும் சொல்லச் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. சொல்ல அன்று புதிதாக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இமையிலயா? மேலயா, உள்ளயா?" நான் படியைப் பார்த்தேன். "தாயே, கண்ண மட்டும் விட்டுரு" என்று தெருவென்றும் பாராமல் கும்பிட்டாள். அன்று சீக்கிரம் போய்விட்டாள்.

மறுநாள் முந்தானையால் தலையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வந்தாள். வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டுக்குப் போகிற அன்று காலை, நான்தான் கொத்தை அவிழ்த்தேன். சருகாகியிருந்தது. பேருந்தில் பெரியப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

கோர்ட் வராந்தாவில் அம்மா நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடிவந்ததில் முந்தானை நழுவியது. மொட்டைத்தலை. அதில் காய்ந்த சந்தனம். தாமிரபரணிக் கரையில் அம்மனுக்கு முடி இறக்கியிருந்தாள், அந்த இமைக்காக. தங்கை அலறிக்கொண்டு பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா இன்னொருவரிடம் காதோடு ஏதோ சொன்னார்.

அம்மா எதையும் கவனிக்கவில்லை. அழுகிற குழந்தையின் முகத்தை இரு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது இமை, இடது இமை, நெற்றி, காதுமடல், கழுத்து. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு தழும்பு இல்ல மதினி. ஒரு புள்ளி இல்ல. எப்பிடிப் பாத்திருக்கீய! ஒங்க கையி நல்ல கையி."

பெரியம்மா சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

நீதிபதி ஒவ்வொருவராகத் தன் அறைக்குள் கூப்பிட்டார். முதலில் அம்மா. பிறகு பெரியப்பா. பெரியப்பா வெளியே வந்தபோது வேட்டியின் கரையைச் சரிசெய்துகொண்டார். கடைசியில் நான்.

அறையில் மின்விசிறி சத்தமாகச் சுற்றியது. நீதிபதி வயதானவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஏழு முடித்து எட்டு என்றேன்.

"தம்பி, உங்க அம்மா தங்கச்சிக்கு அம்மை போட்டிருந்தது, அதான் கூட்டிப்போகலைன்னு சொல்றாங்க. பெரியப்பா எங்க வீட்டில யாருக்கும் அம்மை போடலைன்னு சொல்றார். அம்மா வந்தாங்களா இல்லையான்னு கேட்டா, நான் அலுவலகத்தில் இருந்தேன்னு சொல்றார். நீ வீட்டில இருந்திருக்கே. நீ சொல்லு. அம்மை போட்டுதா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியப்பா பொய் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். வேப்பிலை பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்டதும் உண்மையைச் சொல்லக்கூடிய கேள்விதான்.

"இல்ல சார்" என்றேன்.

"அம்மா வந்தாங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒரே உண்மைதான் இருந்தது. வந்தாள், பத்து நாளும் வந்தாள், வெறுங்காலோடு நின்றாள், நுங்கு தந்தாள் என்று சொன்னால், பிறகு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பார். வேப்பிலையைச் சொல்ல வேண்டும். யார் கட்டினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மேசை, நோட்டு, பழுப்புத்தாள் அட்டை, பள்ளிக்கூட வாசல், களி. இத்தனையும் ஒரு நொடியில் வந்து போனது.

"வரல சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்.

எங்கள் தெரு முழுக்க அந்த வேப்பிலையைப் பார்த்தது. அம்மா நின்றதையும் பார்த்தது. அம்மாவின் வக்கீல் இரண்டு வீடுகளில் போய்க் கேட்டாராம். பெரியப்பா மேல் இருந்த மரியாதையில் யாரும் வரவில்லை. தாய் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரவே இல்லை என்று எழுதி, பிள்ளைகள் பெரியப்பாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அம்மா வந்து பார்க்கலாம். வந்தாள். பல வருடம், அதே நாற்காலியில், பெரியப்பா முதல்நாள் காட்டிய நாற்காலியில், உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாள். தங்கை அவளை "சேலைக்காரம்மா" என்று கூப்பிடுவாள், ஒவ்வொரு முறையும் தனக்குச் சேலைத்துணியில் பாவாடை தைத்துக் கொண்டுவருவதால்.

ரொம்ப நாள் கழித்து மேலப்பாளையத்து வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தபோது அவர் சொன்னார்: "அந்த பத்து நாளுக்குன்னு ரெண்டு கோரப்பாய் வாங்கி வச்சிருந்தா வாப்பா. செவத்துக்கு அவளே வெள்ளையடிச்சா. பாயப் பிரிக்கவே இல்ல. பொறவு எங்க பேரப்பிள்ளையளுக்குக் குடுத்துட்டா."

பெரியப்பா காலமான பிறகு, எனக்குக் கல்யாணமாகி வீடு கட்டிய பிறகு, அம்மாவை என்னோடு கூட்டிவந்தேன். பிள்ளையாகச் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்று ஊரில் சொன்னார்கள். தங்கைக்கு அவள் வீட்டில் இரண்டு பெண்கள். சின்ன வயதில் தனக்கு அம்மை போட்டுத் தழும்பில்லாமல் போனதை அவர்களிடம் கதையாகச் சொல்கிறாள். நான் திருத்தியதில்லை.

அம்மாவுக்குப் பெரியப்பா மேல் இருந்த ஒரே குறை, கோர்ட்டில் அவர் சொன்னதாக அவள் நம்பிய பேச்சுதான். "எங்கிட்ட பிள்ளைய தராட்டாப் போவுது. வீட்டுக்கு வந்த தாய வரலன்னு சொல்லலாமா? அம்புட்டுப் படிச்ச மனுசன்." சாவதற்கு முன்னால் அவர் பக்கவாதத்தில் விழுந்தபோது, அந்தப் பாவம்தான் என்று நம்பி, அவருக்காக ஆற்றங்கரை அம்மனுக்கு நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டாள். வீட்டிலிருந்து எண்ணெய்ச்சீசாவை நான்தான் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

கடைசி வருடத்தில் ஒரு மதியம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"எய்யா, அன்னைக்கு கோர்ட்டுல ஒன்னையும் உள்ள கூப்பிட்டாங்கல்லா? அந்த ஜட்ஜு என்ன கேட்டாரு?"

இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. இந்த நேரத்துக்காகவே நான் முப்பது வருடம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் சரியான வரிசையில் இருந்தன.

"தங்கச்சிக்கு அம்மை போட்டுதான்னு கேட்டாரும்மா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

"நான் வந்தேனான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. பத்து நாளும் வந்தாங்கன்னு சொன்னேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கையை நீட்டி என் தலையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்யா. நீ சொல்லியிருப்ப. பிள்ள சொன்னத எழுதுன ஆளுதான் மாத்தி எழுதிட்டான்."

நான் தலையைக் குனிந்துகொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.